பரீட்சையோடு டியூஷனை மூடாதீர்கள்

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் என்று வடசென்னையில் தெருவுக்குத் தெரு டியூஷன் நடக்கிறது. பிளஸ் டூ பரீட்சை முடிந்ததும் கதவைச் சாத்திவிடுகிறார்கள். பிள்ளைக்குப் பக்கத்தில் விவரம் தெரிந்த ஆள் வேண்டியதே அதற்கப்புறம்தான், மார்க் வரிசைப்படி அரசு பொறியியல் இடங்களை ஒதுக்கும் கலந்தாய்வு நேரத்தில். அந்த இடைவெளியில்தான் "சீட் வாங்கித் தர்றேன்" என்று புரோக்கர்கள் வீட்டுப் படியேறுகிறார்கள்.

கலந்தாய்வில் பிள்ளையின் இடத்தை முடிவுசெய்யும் மார்க்கான கட்-ஆஃப் 200க்கு. கணக்கு மார்க் அப்படியே, இயற்பியலும் வேதியியலும் பாதி. கணக்கு 88, இயற்பியல் 76, வேதியியல் 82 என்றால் 88 + 38 + 41 = 167. கணக்கில் ஒரு மார்க் கூடினால் கட்-ஆஃபில் ஒன்று கூடும், மற்ற இரண்டில் அரைதான். பதினொன்றாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்க வேண்டிய கணக்கு இது.

பிள்ளைகள் அதிகம் கோட்டைவிடுவது கலந்தாய்வுக்காக ஆன்லைனில் தரும் கல்லூரி விருப்பப் பட்டியலில். கணினி பட்டியலை மேலிருந்து படிக்கும். உங்கள் முறை வரும்போது காலியாக இருக்கும் முதல் இடத்தைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். "அந்த காலேஜெல்லாம் நமக்கு வராது" என்று ஆசைப்பட்டதைக் கீழே தள்ளாதீர்கள். மேலே எழுதியது கிடைக்காவிட்டால் கணினி அடுத்ததற்குப் போகும், நஷ்டம் எதுவுமில்லை. கீழே எழுதினாலோ, அதற்கு மேலே உள்ள ஏதோ ஒன்று கிடைத்து அங்கேயே முடிந்துவிடும். எத்தனை விருப்பம் வேண்டுமானாலும் தரலாம். பத்தோடு நிறுத்தினால் ஒன்றுமே ஒதுக்கப்படாமல் போகிற ஆபத்து உண்டு. போன வருடம் அந்தக் கல்லூரியில், அந்தப் பாடப்பிரிவில், உங்கள் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு எந்த கட்-ஆஃபில் முடிந்தது என்று பாருங்கள். உங்கள் கட்-ஆஃபுக்கு ஐந்து மேலே தொடங்கி பத்து கீழே வரை எழுதுங்கள். பெயரை நம்பாமல் கல்லூரிக் குறியீட்டைச் சரிபாருங்கள். ஒரே குழுமத்தில் கிட்டத்தட்ட ஒரே பெயரில் இரண்டு மூன்று கல்லூரிகள் இருக்கும்.

ஒதுக்கீடு வந்ததும் கெடுவுக்குள் உறுதி செய்யாவிட்டால் இடம் போய்விடும். மேலே உள்ளதற்குக் காத்திருக்க நினைத்தால், கையில் இருப்பதை ஏற்றுக்கொண்டு காத்திருங்கள். மறுத்துவிட்டுக் காத்திருந்தால் இரண்டும் போகலாம்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டைத் தவறவிடுவதுதான் மனசு ஆறாத விஷயம். பொதுவாக ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாநகராட்சிப் பள்ளிகளும் இதில் சேரும். நம் பகுதியில் நிறைய இருக்கிற அரசு உதவி பெறும் பள்ளிகள் சேராது. இந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டும். அதே பிள்ளையை கல்லூரி நிர்வாகமே நிரப்பும் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்த்துவிட்டால் அந்தச் சலுகை கிடையாது. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்குப் போகிறவருக்கான முதல் தலைமுறைப் பட்டதாரி சலுகையும் கலந்தாய்வு வழியாக வந்த இடத்துக்குத்தான். அந்தச் சான்றிதழுக்கு ரிசல்ட் வரும்வரை காத்திருக்காமல் முன்பே இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள்.

டியூஷன் எடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். கலந்தாய்வு நடக்கும் வாரங்களில் சாயங்காலம் இரண்டு மணி நேரம் சென்டரைத் திறந்து வையுங்கள். ஒரு கணினி, ஒரு பிரிண்டர் போதும். பட்டியலைப் பிள்ளையே தயாரிக்கட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சரிபாருங்கள். பாஸ்வேர்டும் ஓடிபியும் பிள்ளையிடமும் பெற்றோரிடமும் மட்டுமே இருக்கட்டும். ஒரிஜினல் சான்றிதழை எந்த இடைத்தரகரிடமும் கொடுக்க விடாதீர்கள்.