தட்டைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள்

போன வாரம் உறவுக்காரப் பையன் ஒருவன் வீடியோ ஒன்று அனுப்பியிருந்தான். தாய்லாந்தில் ஏதோ ஓர் இரவுச் சந்தை. நம்மூர்ப் பிள்ளைகள் நாலு பேர். ஒருவன் வறுத்த புழு ஒன்றை வாயில் போட்டு, அப்படியே கீழே துப்பிவிட்டு ‘உவ்வே’ என்று கத்துகிறான். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தது பின்னால் நின்ற கடைக்கார அம்மாவை. முதலில் அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். பையன் துப்பியதும் முகம் வாடிப்போய், குனிந்து வாணலியைக் கிளற ஆரம்பித்துவிட்டார். அந்த முகம் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

வெளியூர், வெளிநாடு போனால் பழக்கமில்லாததைக் கட்டாயம் சாப்பிட்டுப் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறவள் நான். ஆனால் பந்தயத்துக்காகவோ கேமராவுக்காகவோ சாப்பிடாதீர்கள். அந்த ஊர்க்காரர்கள் அதை எந்த வேளையில், எதோடு, எப்படிச் சாப்பிடுகிறார்களோ அப்படிச் சாப்பிடுங்கள். இது எனக்குப் புரிந்தது ஜப்பானில், நாட்டோவால்.

நாட்டோ என்பது வேகவைத்த சோயா பீன்ஸை நொதிக்க வைத்துச் செய்வது. வேலை விஷயமாக இரண்டு வாரம் டோக்கியோவில் இருந்தேன். மூன்று சின்ன டப்பா சேர்த்து நூறு யென் அளவில்தான் விலை. வாங்கி வந்து, விடுதி அறையில் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தபடியே ஸ்பூனால் அள்ளிச் சாப்பிட்டேன். ஊறப்போட்டு மறந்துபோன பயறின் வாடை. நூல் நூலாக இழுத்தது. இரண்டாவது வாய் இறங்கவில்லை. ‘நாட்டோ நமக்கு ஆகாது’ என்று முடிவு கட்டிவிட்டேன்.

அந்த வார இறுதியில் நாகானோ மாநிலத்தின் இனா பள்ளத்தாக்குக்குப் போனேன். டோக்கியோவின் ஷின்ஜுகுவிலிருந்து பேருந்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரண்டு பக்கமும் மலைத்தொடர், நடுவில் தென்ரியூ ஆறு, அறுவடை முடிந்த வயல்கள். வீட்டோடு சேர்ந்த சிறிய தங்கும் விடுதி. நடத்தியவர் எழுபது வயதுக்கு மேல் இருக்கும் ஓர் அம்மா. காலைச் சாப்பாட்டுத் தட்டில் சுடுசோறு, மிசோ சூப், சுட்ட மீன், பக்கத்தில் அதே நாட்டோ. நான் தயங்கியதைப் பார்த்துவிட்டார். ஒன்றும் சொல்லாமல் என் கிண்ணத்தை வாங்கி, குச்சியால் சுற்றிச் சுற்றிக் கலக்கினார். ஐம்பது சுற்றாவது இருக்கும். வெண்மையாக நுரைத்து வந்தது. அப்புறம் கொஞ்சம் சோயா சாறு, துளி கடுகு விழுது, பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள். ஆவி பறக்கும் சோற்றின் மேல் ஊற்றிக் கொடுத்தார்.

அது முற்றிலும் வேறு உணவு! வாடை சோற்றின் சூட்டில் அடங்கிவிட்டது. கடுகு மூக்கில் ஏறியது. அன்றைக்குத்தான் யோசித்தேன். நம் வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு மாவடு ஜாடியையும் ஒரு கரண்டியையும் கொடுத்து ‘இதுதான் எங்கள் சாப்பாடு’ என்றால் அவர் என்ன நினைப்பார்? மாவடுவுக்குத் தயிர்சாதம் வேண்டும். நாட்டோவுக்குச் சுடுசோறு வேண்டும். முதல் தடவை தோற்றது நாட்டோ அல்ல, நான் சாப்பிட்ட முறை.

பழைய முறையில் வேகவைத்த சோயாவை வைக்கோலில் பொதிந்து வைப்பார்களாம். வைக்கோலில் இயல்பாகவே இருக்கும் பேசிலஸ் சப்டிலிஸ் என்ற நுண்ணுயிர், 40 டிகிரி வாக்கில் வெதுவெதுப்பாக இருந்தால், ஒரே நாளில் வேலையை முடித்துவிடும். நம் இட்லி மாவும் இப்படித்தானே? உறை எதுவும் ஊற்றுவதில்லை. உளுந்தோடும் அரிசியோடும் வருகிற நுண்ணுயிர்களே ராத்திரியில் மாவைப் பொங்க வைக்கின்றன. இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாம் வெண்டைக்காயின் வழவழப்பை ஒரு குறையாக நினைத்து, புளி விட்டும் எண்ணெயில் வதக்கியும் போக்கப் பார்க்கிறோம். ஜப்பானில் அந்த வழவழப்புக்கு ‘நெபா நெபா’ என்று பெயரே வைத்து ரசிக்கிறார்கள். வெண்டைக்காயை நறுக்கி நாட்டோவிலேயே கலந்தும் சாப்பிடுகிறார்கள். அதற்காக ஜப்பான்காரர் எல்லோருக்கும் நாட்டோ பிடிக்கும் என்றும் இல்லை. ஒசாகா பக்கம் அதை ஒதுக்குகிறவர்கள் நிறைய.

அன்று இரவு அந்த அம்மா ஒரு சின்னக் கிண்ணத்தில் பளபளவென்று பழுப்பாக எதையோ கொண்டுவந்து வைத்தார். வெட்டுக்கிளி. ‘இனாகோ’ என்றார். வயலில் பிடித்து, துணிப்பையில் ஓர் இரவு பட்டினி போட்டு, வயிறு சுத்தமானதும் வெந்நீரில் போட்டு எடுத்து, சோயா சாறும் சர்க்கரையும் சேர்த்துச் சுண்ட வைப்பது. முறுமுறுவென்று, இனிப்பும் உப்புமாக, காய்ந்த கூனிப்பொடி மாதிரி இருந்தது. கடலே இல்லாத மலை மாநிலம் அது. முன்பெல்லாம் மீன் சுலபத்தில் கிடைக்காது. வயலில் குதிப்பதும், ஆற்றில் கல்லைப் புரட்டினால் கிடைக்கும் புழுவும், குளவிக்கூட்டின் புழுவும்தான் இவர்களுக்குக் கவிச்சி. குளவிக்கூட்டைக் கண்டுபிடிக்கும் விதத்தைக் கேட்டு அசந்துபோனேன். சின்ன இறைச்சித் துணுக்கில் வெள்ளை நூலைக் கட்டிக் குளவிக்குக் கொடுப்பார்களாம். அது தூக்கிக்கொண்டு பறக்க, அந்த வெள்ளையைப் பார்த்தபடியே மலையெல்லாம் ஓடுவார்களாம். தான் பள்ளியில் படித்த காலத்தில் பிள்ளைகள் எல்லோரும் வயலில் இறங்கி வெட்டுக்கிளி பிடித்து, விற்ற காசைப் பள்ளிக்குக் கொடுத்ததைச் சொன்னார். பிறகு பூச்சிமருந்து வந்தது, வெட்டுக்கிளி குறைந்துபோனது. இதையெல்லாம் கைபேசியின் மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினோம். ‘உவ்வே’ என்றிருந்தால் இதில் ஒரு வரி எனக்குக் கிடைத்திருக்குமா?

மறுநாள் குதிரை இறைச்சியைப் பச்சையாக, மெல்லிசாக நறுக்கி வைத்தார். எனக்கு மனம் வரவில்லை. கை கூப்பி, ‘மன்னிக்க வேண்டும் அம்மா, பழக்கமில்லை’ என்று சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே அதை எடுத்துவிட்டு நொசாவானா கீரை ஊறுகாயைக் கொண்டுவந்தார். வேண்டாம் என்று சொல்வதில் ஒரு தப்பும் இல்லை. சைவக்காரர்கள், உடம்புக்கு ஆகாதவர்கள் தைரியமாக மறுக்கலாம். முன்கூட்டியே கேட்டுக்கொள்வது இன்னும் நல்லது. ஜப்பானில் பார்க்கக் காய்கறி சூப்பாகத் தெரிவதில்கூட பெரும்பாலும் மீன் சாறு இருக்கும். காய்ந்த சூரை மீனைச் சீவிப் போட்டு எடுப்பது அது. தூத்துக்குடிக்காரர்களுக்கும் இலங்கைத் தமிழர்களுக்கும் மாசிக் கருவாட்டு வாசம் உடனே பிடிபட்டுவிடும். இறால் ஒவ்வாமை உள்ளவர்கள் பூச்சி உணவைத் தொடவே கூடாது, அதே ஒவ்வாமை வரக்கூடும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு நாட்டோ கூடாது, அதில் வைட்டமின் கே அதிகம்.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்று கேட்கலாம். சில வருடங்களுக்கு முன் ஐரோப்பாவில் ஓர் அலுவலகத்தில் ஆறு மாதம் வேலை பார்த்தேன். ஒரு நாள் மதியம் பூண்டுக் குழம்பும் சோறும் சூடு பண்ணினேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். மறுநாள் மைக்ரோவேவ் மேல் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: ‘கடுமையான வாசனை உள்ள உணவுகளை இங்கே சூடு செய்ய வேண்டாம்’. யார் பெயரும் அதில் இல்லை. ஆனால் அந்தத் தளத்தில் குழம்பு கொண்டுவந்தவள் நான் ஒருத்திதான். மிச்சமிருந்த மாதங்கள் முழுக்க ரொட்டியும் வெள்ளரிக்காயும்தான் தின்றேன். என் அம்மா பொடி இடித்துக் கொடுத்தனுப்பிய குழம்பு அது. வீடியோவில் துப்பிய பையனுக்கு அந்த வலி தெரியாது. தெரிந்திருந்தால் துப்பியிருக்க மாட்டான் என்றுதான் நம்புகிறேன்.

அவனுடைய தாத்தா பாட்டியைக் கேட்டாலே போதும். எங்கள் அருப்புக்கோட்டைப் பக்கம் மழை பெய்து ஓய்ந்த ராத்திரியில் புற்றுப் பக்கம் குழி வெட்டி, விளக்கு வைத்து ஈசல் பிடிப்பார்கள். வறுத்து, அரிசிப்பொரியோடு கலந்து தின்பார்கள். ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பு 2013-ல் வெளியிட்ட அறிக்கையில், மனிதர்கள் உண்ணும் பூச்சி இனங்கள் 1,900-க்கும் மேல் என்று கணக்குச் சொல்லியிருக்கிறது. நம் ஈசலும் அந்த வகையறாதான். அதைத் தின்று வளர்ந்த வீட்டுப் பிள்ளைகள் தாய்லாந்துக்குப் போய் முகம் சுளிப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

ஊருக்கு வந்ததும் அம்மாவிடம் வெட்டுக்கிளி சாப்பிட்டதைச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல் கேட்டாள்: “ஈசலுன்னா சொளகுல பொடச்சா றெக்கை போயிரும். அதுக்குக் காலு முள்ளு முள்ளா இருக்குமேடி, அதை எப்படி எடுத்தாங்க?”