வாங்கைப் பாருங்கோ, பிறகு பிள்ளையைப் பேசுங்கோ

"நிமிந்து இருடா!" இனி ஆராவது என்ரை மகனுக்கு இப்பிடிச் சொன்னா எனக்குப் பொல்லாத கோவம் வரும். கூனிக்கொண்டு இருக்கிறது பிள்ளையின்ரை குழப்படி எண்டு நினைச்சுப் பேசுறியள். அவன் எதிலை இருக்கிறான் எண்டு ஒருக்கால் எண்டாலும் போய்ப் பாத்தனீங்களோ?

நான் போய்ப் பாத்தன். அவன் படிக்கிற ரியூசன் கொட்டிலுக்குள்ளை. தகரக் கூரை, ஒடுக்கமான வாங்கு, சாயிறதுக்குப் பின்னாலை ஒண்டுமில்லை. நாலு பேர் இருக்க வேண்டிய இடத்திலை ஆறு பேர். முன்னாலை போட்டிருக்கிற மேசை சின்ன வகுப்புப் பிள்ளையளுக்குச் செய்த உயரம், அதிலை இருந்து எழுதுறது உயர்தரம் படிக்கிற வளந்த பெடியள். கொப்பி அவ்வளவு கீழை இருந்தா தலை எங்கை போகும்? கரையிலை இருந்த ஒரு பொம்பிளைப் பிள்ளை இடது கையாலை பிடரியை அமத்திப் பிடிச்சுக்கொண்டு வலது கையாலை எழுதிக்கொண்டிருந்தா. கையை எடுக்கவே இல்லை. அதைப் பாத்ததிலையிருந்து எனக்கு மனம் ஆறேல்லை.

வளந்த ஒராளின்ரை தலை 5 கிலோவுக்குக் கிட்ட வரும். 2014 இலை கென்னத் ஹன்ஸ்ராஜ் எண்ட அமெரிக்க முள்ளந்தண்டுச் சத்திரசிகிச்சை நிபுணர் கணக்குப் போட்டுக் காட்டினவர்: 60 பாகை குனிஞ்சா கழுத்துக்கு வாற பாரம் 27 கிலோ அளவு. அது கணினியிலை போட்ட கணக்கு, ஆற்றையும் கழுத்திலை அளந்தது இல்லை. சரி, பாதி எண்டே வையுங்கோ. பள்ளிக்கூடம் விட்டு வந்து, உடுப்பு மாத்தி, திரும்ப இருட்டுமட்டும் அந்தப் பாரத்தோடை இருக்கச் சொல்லுறதோ?

இதுக்குள்ளை சேர்மார் வேறை, "ஆடாமல் இரு" எண்டு அதட்டுகினம். பிள்ளை ஏன் ஆடுது? உடம்பு கேக்குது, அதாலை ஆடுது. முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையிலை இருக்கிற தட்டுகளுக்கு நேரடியா இரத்தம் ஓடுறதில்லை. நாங்கள் அசைய, அமந்து விட, அப்பிடித்தான் அதுகளுக்குச் சாப்பாடு ஊறிப் போகும். விறைச்ச மாதிரி நிமிந்து இருந்தாலும் கனநேரம் அசையாமல் இருந்தா நாரி நோகத்தான் செய்யும். எழும்பி நாலடி நடந்திட்டு வந்து இருக்கிறதை ஒழுங்கீனம் எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?

இன்னொண்டு. கண்ணை மூடினாலும் கை எங்கை, கால் எங்கை எண்டு எங்களுக்குத் தெரியும். தசையளுக்கையும் மூட்டுகளுக்கையும் இருந்துதான் அந்தச் சேதி மூளைக்குப் போகுது. ஆனா வருசக்கணக்காக் கோணி இருக்கிற பிள்ளைக்கு அந்தக் கோணல்தான் நேர் மாதிரித் தெரியும். எஃப். எம். அலெக்சாண்டர் எண்டு தஸ்மேனியாவிலை பிறந்த நடிகர் ஒராள். மேடையிலை பேசப் பேசத் தொண்டை அடைக்க, கண்ணாடிக்கு முன்னாலை நிண்டு தன்னையே கவனிச்சார். வாய் திறக்கேக்கை தலையைப் பின்னுக்கு இழுக்கிறது அப்பதான் கண்டார். அதுவரைக்கும் அவருக்கே தெரியாது. வளந்த மனுசனுக்கே அப்பிடியெண்டா, ஒரு அதட்டலிலை பிள்ளை என்னத்தை விளங்கிக்கொள்ளும்? பயத்திலை நெஞ்சைத் தள்ளி, மூச்சைப் பிடிச்சுக்கொண்டு ரெண்டு நிமிசம் இருக்கும். பிறகு விழும். குந்துற எலும்பு ரெண்டும் வாங்கிலை பதியுதோ, பாதம் நிலத்திலை முட்டுதோ, தோளை ஏன் காதுக்குத் தூக்கி வைச்சிருக்கிறாய் எண்டு ஆறுதலாக் கேட்டுப் பாருங்கோ, தானா நிமிருவான்.

இரவிலை, "அம்மா, நாரி நோகுது" எண்டு வந்து குப்புறப் படுப்பான். சித்தாலேப பூசி விடுவன். விடிய அதே வாங்கு.

வாற மாசம் காசு கட்டப் போகேக்கை நான் கேக்கத்தான் போறன். முதுகுக்கு ஒரு பலகை அடியுங்கோ. வளந்த பிள்ளையளின்ரை மேசைக் காலுக்குக் கட்டை வைச்சு முழங்கை உயரத்துக்கு எழுப்புங்கோ. அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் எல்லாரையும் எழுப்பி விடுங்கோ, பாடம் ஒண்டும் ஓடிப் போகாது. யாழ்ப்பாணத்திலை கொக்குவிலோ கோண்டாவிலோ திருநெல்வேலியோ, பிள்ளையை அனுப்புற தாய் தேப்பன்மார் நீங்களும் கேளுங்கோ. நான் தனியக் கேட்டா, "விருப்பமில்லாட்டி வேறை இடம் பாருங்கோ" எண்டுவினம். எல்லாருமாப் போய்க் கேட்டா தச்சுவேலைக்கு ஆளைக் கூப்பிடத்தான் வேணும்.