மக்களின் அலட்சியம் மட்டுமே காரணமா?

நகரங்களின் சீர்கேட்டுக்கு மக்களின் அலட்சியமே முதற்காரணம் என்று அண்மையில் படித்த ஒரு கட்டுரையின் ஆசிரியர் கூறுவதை, சென்னையைப் பொறுத்தவரை என்னால் ஏற்க இயலவில்லை. 1688-இல் தொடங்கப்பட்ட இம்மாநகராட்சியின் மன்றம் 1973-இல் கலைக்கப்பட்ட பின், 1996 வரை தேர்தலே நடைபெறவில்லை. மீண்டும் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து, 2022 பிப்ரவரியில் வாக்குப்பதிவு நடக்கும்வரை, வார்டு உறுப்பினர் என்று ஒருவரும் இல்லாமல் அரசு நியமித்த தனி அலுவலரின் பொறுப்பிலேயே நகரம் இருந்தது. தெருவிளக்கு எரியவில்லை என்று முறையிட உரிமையோடு படியேறிச் செல்ல ஒரு வீடு இல்லாத ஊரில், மக்கள் வாய் திறக்கவில்லை என்று குறை சொல்வது எவ்வகையில் நியாயம்?

பொறுப்புகள் சிதறிக் கிடப்பதும் ஒரு காரணம். மழைநீர் வடிகால் மாநகராட்சியிடமும், குடிநீரும் கழிவுநீரும் தனி வாரியத்திடமும் இருப்பதால், கழிவுநீர் வழிந்து வடிகாலில் கலக்கும்போது யாரிடம் போவது என்றே மக்களுக்குப் புரிவதில்லை. (2011-இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக எல்லை விரிந்தபோது இணைந்த புறநகர்ப் பகுதிகளில் இக்குழப்பம் இன்னும் அதிகம்.)

வார்டின் ஒவ்வொரு பகுதியிலும் மக்கள் கூடித் தங்கள் குறைகளைப் பேசுவதற்காக 2022-இல் விதிகள் வகுக்கப்பட்ட பகுதி சபைகளை நான் பெரிதும் நம்புகிறேன். அவற்றின் கூட்டங்களை முன்கூட்டியே அறிவித்து, வேலைக்குச் செல்வோரும் வரக்கூடிய விடுமுறை நாள்களில் நடத்தி, ஒவ்வொரு கோரிக்கைக்கும் அடுத்த கூட்டத்தில் எழுத்துப்பூர்வமாகப் பதில் தர வேண்டும்.