எல்லா வீசிங்கும் ஆஸ்துமா இல்லை

இன்ஹேலரை மாற்றி மாற்றி அடித்தும் மூச்சுத்திணறல் அடங்காதவர் வீட்டில் இருந்தால், மூன்றாவது இன்ஹேலர் வாங்குவதற்கு முன் காது கொடுத்துக் கேளுங்கள். மூச்சை விடும்போது நெஞ்சில் விசில் வந்தால் பெரும்பாலும் ஆஸ்துமா. உள்ளே இழுக்கும்போது கழுத்தருகே கொர்ரென்று வந்தால் மூச்சுக்குழாயிலேயே அடைப்பு இருக்கலாம். அந்த அடைப்பு புற்றுநோய்க் கட்டியாகவும் இருக்கலாம்.

மூச்சுக்குழாய்ப் புற்றுநோய் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் வரும். ஆஸ்துமாவோ தெருவுக்கு நாலு பேருக்கு. அதனால் டாக்டருக்கு முதலில் ஆஸ்துமா தோன்றுவதில் தப்பில்லை. மருந்து கேட்காத பிறகும் அதிலேயே நிற்பதுதான் தப்பு. ஸ்டீராய்டு கொடுத்தால் கட்டியைச் சுற்றிய வீக்கம் வற்றி நாலு நாள் சுகமாகவும் இருக்கும். எல்லாரும் ஏமாறும் இடம் அதுதான்.

குழாயின் அகலம் ஏறக்குறைய 2 செ.மீ. அது 8 மி.மீ. ஆகும்வரை மாடிப்படி ஏறினால்கூடப் பெரிதாகத் தெரியாது. 5 மி.மீ. ஆனால் உட்கார்ந்திருந்தாலே இளைக்கும். நெஞ்சு எக்ஸ்ரே பல நேரம் சுத்தமாகவே வரும். அதை நம்பி உட்காராதீர்கள். ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரியில் வளைகோடு மேலும் கீழும் தட்டையாக இருந்தால் கழுத்துக்கும் நெஞ்சுக்கும் சி.டி., அடுத்து கேமரா குழாயை உள்ளே விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோப்பி. சளியில் ரத்தம் கண்டால் இவ்வளவுகூடக் காத்திருக்க வேண்டாம்.

இதில் அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா என்ற வகைக்கும் புகைக்கும் தொடர்பில்லை. நாற்பது, ஐம்பது வயதில், பீடி சிகரெட் தொடாதவருக்கும் வரும். பார்க்கப் போகிறவர்கள் தயவுசெய்து "சிகரெட் குடிப்பீங்களா?" என்று ஆரம்பிக்காதீர்கள்.

முடிந்தால் கட்டியுள்ள பகுதியை வெட்டிவிட்டு இரு முனைகளையும் சேர்த்துத் தைப்பார்கள். அதிகபட்சம் குழாயில் பாதி வரை எடுக்கலாம். தையல் இழுபடாமலிருக்க மோவாயை நெஞ்சோடு சேர்த்து ஒரு வாரம் போல தைத்து வைப்பதுண்டு. குனிந்த தலையோடு கண் விழிக்கும் நோயாளி மிரண்டுபோவார். முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அடினாய்டு சிஸ்டிக் வகை நரம்பை ஒட்டி ஊர்ந்து பரவுவதால் வெட்டிய ஓரத்தில் மிச்சம் இருப்பது சகஜம், அதற்குத்தான் கதிர்வீச்சு. பத்து வருஷம் கழித்தும் நுரையீரலில் தலைகாட்டும் என்பதால் ஐந்து வருஷத்தோடு செக்கப்பை நிறுத்தக் கூடாது.

வெட்ட முடியாதவர்களுக்கு, மூச்சுக்குழாய் அடைபடாமல் விரித்துப் பிடிக்கும் சிலிக்கான் ஸ்டென்ட் வைப்பார்கள். அதில் சளி காய்ந்து ஒட்டினால் மூச்சே நின்றுவிடும். டாக்டர் சொன்ன கணக்கில் தினமும் சலைன் நெபுலைசர் பிடிக்க வேண்டும். கரன்ட் போகும் ஊரென்றால் பேட்டரி மெஷின் வாங்குங்கள். ஸ்டென்டின் அளவு, இருக்கும் இடம் இரண்டையும் ஒரு அட்டையில் எழுதி அவர் சட்டைப்பையில் வையுங்கள். அவசரத்தில் தெரியாமல் மூச்சுக்கு டியூப் போடுகிறவர் அதை இடம் பெயர்த்துவிடக்கூடும்.