மூச்சுத்திணறலுக்கு வன்னியிலேயே வைத்தியம் வேணும்

அஸ்பெஸ்டஸ் கூரைத்தகடு (சீற்) வெட்டி, கூரை மேய்ந்து, அந்தத் தூசியால் நெஞ்சுச் சவ்வில் புற்றுநோய் (மீசோதீலியோமா) வந்தவரை, மருந்து ஏற்றி, ஆஸ்பத்திரியிலிருந்து துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பியதும் வைத்தியம் முடிந்தது என்று வீட்டார் நினைக்கிறார்கள். பிறகு அவரை வதைக்கிறது மூச்சுத்திணறல். அதற்காக ஒவ்வொரு முறையும் தெல்லிப்பழை, மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிகளுக்கு பஸ் ஏற்றுவது அநியாயம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா மாவட்ட ஆஸ்பத்திரிகளிலேயே அதைப் பார்க்கவேண்டும்.

நுரையீரலைச் சுற்றி நீர் திரும்பத் திரும்பக் கட்டும். போன கிழமை படலைவரை நடந்தவர் இன்று கிணற்றடியிலேயே நின்று மூச்சு வாங்கினால் கிளினிக் திகதிவரை காத்திருக்காதீர்கள். நெஞ்சுப் படம் பிடித்து, ஊசியால் நீரை எடுக்கலாம். "முழுக்க எடுத்துவிடுங்கோ டொக்டர்" என்று கெஞ்சவேண்டாம். ஒரு தடவையில் ஒன்றரை லீற்றருக்கு மேல் பொதுவாக எடுப்பதில்லை. சுருங்கிக் கிடந்த நுரையீரல் சட்டென்று விரிந்தால் அதற்குள்ளேயே நீர் கோக்கும். எடுக்கும்போது இருமலோ நெஞ்சு இறுக்கமோ வந்தால் உடனே சொல்லவேண்டும்.

வீட்டில் பனையோலை விசிறி போதும். மூக்குக்கும் கன்னத்துக்கும் நேரே, ஒரு சாண் தள்ளிப் பிடித்து மெதுவாக வீசுங்கள். முகத்தில் படும் குளிர்காற்றே திணறலைத் தணிக்கும். மேசையில் தலகணி வைத்து, முன்னுக்குச் சாய்ந்து இருத்துங்கள். ஒக்சிசன் சிலிண்டருக்குக் கடன்படுமுன் விரலில் மாட்டும் கருவியில் அளவு பாருங்கள். 92 வீதத்துக்குக் குறையவில்லை என்றால் பெரிய பலன் இருக்காது.

மோர்பின் என்றதும் "கடைசி மருந்து" என்று பயந்து ஒளித்துவைக்கிற வீடுகள் உண்டு. வைத்தியர் எழுதும் சிறிய அளவு திணறலைக் குறைக்கும், உயிரைக் குடிக்காது. மலச்சிக்கல் அநேகமாக வரும்; மோர்பின் தொடங்கும் அன்றே அதற்கும் மருந்து கேளுங்கள்.

இந்த நோய் தூசி பட்டு 20 முதல் 50 ஆண்டு கழித்துத்தான் தலைகாட்டும். இலங்கையில் நீல அஸ்பெஸ்டஸை 1987இல் தடைசெய்தார்கள். வெள்ளையும் புற்றுநோய் தருவதுதான். 2009இல் போர் முடிந்தபின் ஊருக்குத் திரும்பிவந்து சில நாள் உடைந்த சீற் அள்ளியவருக்கு ஆபத்து குறைவு. வருடக்கணக்காக வெட்டியவருக்கும், அவரது உடுப்பை உதறித் தோய்த்த மனைவிக்கும் ஆபத்து அதிகம். அவர்களின் கிளினிக் கொப்பியில் இப்படி ஒரு வரி வேண்டும்: "2010 முதல் 2018 வரை கூரை வேலை, சீற் வெட்டியது, முகமூடி இல்லை." பின்னாளில், சளியில் காசநோய்க் கிருமி இல்லாமலே நெஞ்சில் நீர் கட்டினால், வைத்தியரை வேறு திசையில் தேடவைப்பது அந்த வரிதான். ஆள் நின்று பேசக்கூடிய காலத்திலேயே கேட்டு எழுதுங்கள்.