மோட்டாரை நீங்களே மாட்டலாம், பேட்டரியில் மட்டும் கை வைக்காதீர்கள்

மின் மவுண்டன் பைக்கை நாமே கட்டிக்கொண்டால் மலிவு என்று யார் கிளப்பிவிட்டதோ தெரியவில்லை, அந்தப் பேச்சு ஓயவே மாட்டேன் என்கிறது. சாதாரணச் சைக்கிளில் மாட்டுகிற மோட்டார் கிட்டின் விலையையும் கடையில் நிற்கும் வண்டியின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கணக்கில் சைக்கிள் சேராது. பேட்டரி பல நேரம் சேராது. பெடல் மாட்டியிருக்கும் கையை, அதாவது கிராங்க்கை, கழற்றும் கருவி சேராது. மோட்டாரும் பேட்டரியும் ஏறியதும் வண்டியின் எடை எட்டு, ஒன்பது கிலோ கூடிவிடும். இறக்கத்தில் பழைய பிரேக் திணறும். பெரிய டிஸ்க், நாலு பிஸ்டன் ஹைட்ராலிக் பிரேக் என்று போவீர்கள். அதுவும் சேராது. நல்ல சைக்கிள் ஒன்று ஏற்கெனவே வீட்டில் சும்மா நிற்கிறது என்றால் கணக்கு வேறு. ஒன்றுமே இல்லாமல் தொடங்குகிறவர் கடைசியில் கூட்டிப் பார்த்தால் மிச்சம் என்று பெரிதாக எதுவும் நிற்காது.

இத்தனைக்கும் நான் கட்டுகிற கட்சி. காரணம் காசு இல்லை, ரிப்பேர்.

பெரிய நிறுவனங்களின் வண்டிகளில் மோட்டார், பேட்டரி, டிஸ்பிளே மூன்றும் ஒன்றையொன்று அடையாளம் கண்டால்தான் பெரும்பாலும் வேலையே நடக்கும். வோல்ட்டேஜ் ஒன்றாகவே இருந்தாலும் வேறு நிறுவனத்தின் பேட்டரியை மோட்டார் ஏற்காது. டிஸ்பிளேயில் பிழை எண் வந்தால் உள்ளே என்ன ஆயிற்று என்று பார்க்க டீலரிடம் இருக்கும் மென்பொருள் வேண்டும். வாரன்டி இருக்கும்வரை இதெல்லாம் பிரச்சினையே இல்லை, கொண்டுபோய்க் கொடுத்தால் மாற்றித் தருவார்கள். நான் பேசுவது அதற்கப்புறம் வரும் வருடங்களைப் பற்றி. நல்ல அலுமினிய ஃபிரேம் பத்து வருடம் அலட்டாமல் ஓடும். லித்தியம் பேட்டரி அப்படி இல்லை, ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறன் குறையும். மாற்றலாம் என்று போகும்போது அந்த மாடலையே நிறுத்தியிருக்கலாம். ஃபிரேமின் கீழ்க்குழாயில் அந்த ஒரு பேட்டரிக்கென்றே வெட்டிய இடம், வேறு எதுவும் அதில் உட்காராது. மற்ற எல்லாம் நன்றாக இருக்கும்போதே வண்டியை ஓரங்கட்ட வேண்டியதுதான்.

கிட்டில் அந்தத் தலைவலி இல்லை. பாஃபாங் நிறுவனத்தின் பிபிஎஸ்எச்டி மாதிரி கிட் மோட்டாரில், மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் போனால் சில திருகுகளைக் கழற்றி அதை மட்டும் மாற்றலாம். உள்ளே இருக்கும் நைலான் பல்சக்கரம் தேய்ந்தால் அதுவும் தனியாகக் கிடைக்கும். பழைய மாடல்களில் யுஎஸ்பி கேபிள் ஒன்றைச் செருகி, மோட்டார் எவ்வளவு சீக்கிரம் பிடிக்க வேண்டும், எவ்வளவு மின்சாரம் இழுக்கலாம் என்பதையும் நாமே மாற்றிக்கொள்ளலாம். புதியவற்றில் அவர்களும் இந்தக் கதவைச் சாத்திக்கொண்டு வருகிறார்கள், கேட்டு வாங்குங்கள்.

சரி, எந்த மோட்டார்? மலைக்கு என்றால் ஹப் மோட்டாரை மறந்துவிடுங்கள். செங்குத்தான ஏற்றத்தில் சக்கரம் மெதுவாகச் சுற்றும். சக்கரத்துக்குள் இருக்கும் மோட்டாரும் அதே வேகத்தில் திணறும், இழுக்கிற மின்சாரத்தில் நிறைய வெறும் சூடாகிப் போகும். மிட் டிரைவ் கிராங்க் இருக்கும் இடத்தில் உட்கார்ந்து செயின் வழியாகத் தள்ளுவதால், உங்கள் காலுக்குக் கிடைக்கும் கியர் எல்லாம் அதற்கும் கிடைக்கும். பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றினால் மோட்டாரும் தன் வசதியான வேகத்தில் சுற்றிக்கொண்டே ஏறும். இதற்கு விலை கொடுப்பது செயின். முழு விசையில் மோட்டார் இழுக்கும்போது கியர் மாற்றினால் செயின் அறுந்தாலும் ஆச்சரியமில்லை. கியர் மாறுகிற நொடியில் மோட்டாரை நிறுத்தும் சென்சார் ஒன்று தனியாகக் கிடைக்கும், அதைச் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

மாட்டுகிற வேலை பயப்படுகிற அளவுக்குப் பெரிதில்லை. கிராங்குகளைக் கழற்றி, கிராங்கின் அச்சைத் தாங்கும் பாட்டம் பிராக்கெட்டின் இரண்டு கப்பையும் எடுக்க வேண்டும். செயின் பக்கத்துக் கப்பின் மரை பெரும்பாலான மவுண்டன் பைக்குகளில் தலைகீழ், வலது பக்கம் திருகினால்தான் கழலும். இது தெரியாமல் வழக்கம்போல் இடது பக்கம் திருகிக்கொண்டிருந்தால் இன்னும் இறுகும், ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டி உரியும். கப்புகளை எடுத்ததும் காலியாகும் ஃபிரேம் குழாய் 68 அல்லது 73 மில்லிமீட்டர் அகலத்தில் மரையோடு இருந்தால் மோட்டாரின் அச்சு நேராக நுழைந்துவிடும். மரை இல்லாத பிரஸ் ஃபிட் வகை என்றால் அடாப்டர் தேட வேண்டும். மோட்டாரைப் பிடித்து நிறுத்தும் லாக் நட்டை நன்றாக முடுக்குங்கள். முதல் சில ஓட்டத்துக்குப் பின் அது தளர்ந்து, மோட்டார் ஃபிரேமின் அடியில் லேசாக ஆடத் தொடங்கும். மறுபடி முடுக்கினால் சரியாகிவிடும், ஆனால் ‘கடக்’ என்ற அந்தச் சத்தத்தைக் கேட்டும் கேட்காத மாதிரி ஓட்டாதீர்கள்.

இவ்வளவும் முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள ஹார்ட்டெயிலுக்குத்தான் சொல்கிறேன். பின்பக்கமும் சஸ்பென்ஷன் உள்ள வண்டி வேண்டுமென்றால் என் கட்சியை விட்டுவிட்டு நேராகக் கடைக்குப் போங்கள். அந்த ஃபிரேமின் நடுவில் ஷாக் அப்சார்பர் இடத்தைப் பிடித்திருக்கும், பேட்டரிக்கு இடமே இருக்காது. பின்கேரியரில் கட்டினால் பாறைப் பாதையில் வண்டியின் பின்பாதி தனியாக ஆடும், பையில் போட்டு முதுகில் சுமக்கிறவர்களும் உண்டு, விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்தாலே போதும். போதாததற்குக் கிட் மோட்டார் அடியில் தொங்கும். பெரிய கல் ஒன்று வந்தால் முதலில் அடி வாங்குவது அதுதான். கடை வண்டியில் ஃபிரேமே மோட்டாரைச் சுற்றி வடிவமைத்தது, அது மேலே ஏறிப் பத்திரமாக இருக்கும்.

ஓட்டுகிற உணர்விலும் கடை வண்டிதான் ஒரு படி மேல், இதை ஒப்புக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. பிபிஎஸ்எச்டி மாதிரி பாஃபாங்கின் பிபிஎஸ் வகை கிட்டில் இருக்கும் சென்சாருக்குப் பெடல் சுற்றுகிறதா இல்லையா என்பது மட்டும்தான் தெரியும். எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்று தெரியாது. சரளைக் கல் நிறைந்த கொண்டை ஊசி வளைவில் பாதிச் சுற்று மிதித்தால், ஒரு கணம் கழித்துத் திடுக்கென்று வேகம் வரும். பின்சக்கரம் கல்லை வாரி இறைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே சுற்றும். கடை வண்டிகளில் வரும் ஷிமானோ இபி8, பாஷ் சிஎக்ஸ் மாதிரி மோட்டார்களில் காலின் அழுத்தத்தையே அளக்கும் டார்க் சென்சார் உண்டு, மெதுவாக மிதித்தால் மெதுவாக உதவும். காகிதத்தில் இபி8 கொடுக்கும் டார்க், அதாவது சுழற்றும் விசை, 85 நியூட்டன் மீட்டர்தான், பிபிஎஸ்எச்டி அதைவிட எவ்வளவோ அதிகம். ஆனால் ஈரமான வேர் மேல் சக்கரம் ஏறும்போது அந்த எண் உதவாது. டோங்ஷெங் டிஎஸ்டிஇசட்2 என்ற கிட்டில் டார்க் சென்சார் உண்டு, ஆனால் நீண்ட ஏற்றத்தில் அது சீக்கிரம் சூடாகிவிடும்.

அடுத்தது பேட்டரி. இங்கே நான் பிடிவாதக்காரன். பழைய லேப்டாப் செல்களைப் பிரித்து பேட்டரி கட்டும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு யாரும் கிளம்பாதீர்கள். 48 வோல்ட் என்றால் ஒன்றன்பின் ஒன்றாக இணைத்த 13 செல், ஒவ்வொன்றும் முழு சார்ஜில் 4.2 வோல்ட், மொத்தம் 54.6. அதில் ஒன்று மட்டும் பலவீனமாக இருந்தால் மற்றவை அதைக் கீழே இழுத்துக்கொண்டே போகும். சாதாரணச் சாலையிலேயே இது ஆபத்து, மலைப்பாதையில் அதிர்வும் சேரும். செல்களை இணைக்க ஸ்பாட் வெல்டு செய்த நிக்கல் பட்டை குலுங்கிக் குலுங்கி விட்டுப்போகும், ஒயரின் மேலுறை உரசி உரசித் தேயும், உள்ளே ஷார்ட் ஆகும். லித்தியம் செல்லில் தீ தொடங்கினால் ஒரு செல்லின் சூடு அடுத்ததைப் பற்றவைக்கும், அணைந்த மாதிரி தெரிந்து மறுபடி எரியும். நல்ல பெயருள்ள செல்லில் கட்டிய, சோதனைச் சான்று உள்ள பேட்டரியை அதற்கென்று வந்த சார்ஜரோடு முழுசாக வாங்குங்கள். கிட்டில் மிச்சம் பிடிக்க ஆயிரம் இடம் இருக்கிறது, இது மட்டும் வேண்டாம்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 250 வாட், மணிக்கு 25 கிலோமீட்டர் வரை உதவி என்பது வரம்பு. அதைத் தாண்டினால் அது சைக்கிளாகவே கணக்கில் வராது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் 750 வாட் வரை. 1000 வாட் பிபிஎஸ்எச்டி இரண்டிலும் அடங்காது. மோட்டாரே கூடாது என்று சொல்லும் மலைப்பாதைகளும் உண்டு.

கடைக்குப் போகிறவர்கள் இரண்டு கேள்வியோடு போங்கள்: இதே அளவு பேட்டரியை எத்தனை வருடம் விற்பீர்கள்? வாரன்டி முடிந்து மோட்டார் நின்றால் உதிரிப் பாகம் தனியாகத் தருவீர்களா, இல்லை முழு மோட்டாரையும் மாற்றச் சொல்வீர்களா? பதில் சொல்லாமல் டிஸ்பிளேயின் கலரைக் காட்டத் தொடங்கினால் அடுத்த கடையைப் பாருங்கள்.