கழுத்து வலிக்கு ஸ்ட்ரெட்சிங் மட்டும் போதாது

"கழுத்து வலி இருந்தால் எடையே தூக்கக்கூடாது, ஸ்ட்ரெட்சிங் மட்டும் போதும்" என்று மேலே ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். நாள்பட்ட வலிக்கு இது சரியல்ல அண்ணே. பின்லாந்தில் கழுத்து வலியுள்ள 180 பெண் அலுவலக ஊழியர்களை ஓராண்டு கவனித்த ஆய்வு 2003இல் வெளிவந்தது. கழுத்துக்கு வலுப்பயிற்சியோ தாங்குதிறன் பயிற்சியோ செய்தவர்களுக்கு வலி நன்றாகவே குறைந்தது. ஸ்ட்ரெட்சிங்கும் ஏரோபிக்ஸும் மட்டும் செய்யச் சொல்லப்பட்டவர்களுக்கு அந்த அளவு பலன் இல்லை.

ஸ்ட்ரெட்சிங் வீண் என்று சொல்லவில்லை, இறுக்கம் தளரும். ஆனால் எம்ஆர்டி ரயிலில் ஏறியதும் குனிந்து, இறங்கும்வரை போனிலேயே இருக்கிற நம் கழுத்துக்கு வலுவும் வேண்டுமே!

எடை என்றதும் ஜிம்மை நினைத்துப் பயப்பட வேண்டாம். மல்லாந்து படுத்து, தலையைத் தூக்காமல், 'ஆமாம்' சொல்வதுபோல் தாடையை மெல்ல உள்ளிழுத்துச் சில விநாடி நிறுத்துங்கள். கழுத்தின் முன்பக்க ஆழ்தசைகளுக்கான பயிற்சி இது. அப்புறம் ரப்பர் பட்டையை இழுத்துத் தோள்பட்டைக்கும் வேலை கொடுங்கள். லேசாகத் தொடங்கி, போகப்போகக் கூட்டலாம்.

கை மரத்துப்போவது, பிடி தளர்வது, நடை தடுமாறுவது இருந்தால் மட்டும் எந்தப் பயிற்சியும் தொடங்காமல் முதலில் டாக்டரைப் பாருங்கள். அரசு பாலிகிளினிக்கில் தேவைப்பட்டால் பிசியோதெரபிக்கு அவர்களே அனுப்புவார்கள்.